கேட்டுக்கு வெளியே

முகவரியில் கதவு எண் இல்லை.
பாகலூர் தாண்டி இடப்பக்கம்,
மூன்றாவது பசுமைக்குடில்,
நாகவேணி. ரோஜா வெட்டுகிற நாகவேணி.
அனுப்புகிறவர் மஸ்கட்.
பன்னிரண்டு சிவப்பு, கண்ணாடித்தாள், ரிப்பன்.
அட்டையில் எழுத வேண்டியது: ஒன்றுமில்லை.

"ஒன்றுமில்லை" என்றே எழுதுவதா,
ஒன்றும் எழுதாமல் விடுவதா என்று
கடையில் ஐந்து நிமிடம் வாக்குவாதம்.
கடைசியில் வெறும் அட்டையைச் செருகிக் கொடுத்தார் முதலாளி.

"கொல்லத் தெருவுக்கே ஊசியா?"
சிரித்தார் காவலாளி முனிவெங்கடப்பா.
அவர் நோட்டில்
உள்ளே வருவதற்கு உரம் உண்டு, டீசல் உண்டு,
மடிக்காத அட்டைப்பெட்டி உண்டு.
பூவுக்கு
வெளியே போகிற பக்கம் மட்டும்தான்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'இதர' என்று எழுதிக்கொண்டார்.

வந்தாள். முழங்கைவரை கையுறை,
இடுப்பில் கயிறு கட்டிய கத்திரி.
யார் என்று தெலுங்கில் கேட்டாள்.
பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினாள்.

முகர்ந்து பார்க்கவில்லை.
கொத்தைத் தலைகீழாகத் திருப்பி
காம்பின் அடியைப் பார்த்தாள்.
"நேர்வெட்டு. இது எங்க கத்திரி இல்ல,
தளிப் பக்கத்துப் பூ.
தண்ணி எப்பக் காட்டினீங்க?"
காலையில், என்றேன்.
நேற்றுக் காலை என்று சொல்லவில்லை.

ரசீதைக் கேட்டு வாங்கினாள்.
ஆயிரத்து நானூற்று ஐம்பது.
உதடு மட்டும் அசைந்தது, கூலியால் வகுக்கிற மாதிரி.
விடையைத் தனக்குள் வைத்துக்கொண்டு
ரசீதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இங்க வாங்கிக்க முடியாதுங்க.
சாயங்காலம் பை பாப்பாங்க, டிபன் டப்பா பாப்பாங்க.
தலையில பூ வெச்சிட்டு வந்தா
உள்ள விடமாட்டாங்க, போறப்ப
எது யாரு பூன்னு தெரியாதாம்.
ஆறு மணிக்கு
கேட்டுக்கு வெளிய குடு."

அப்படித்தான் நாகவேணியின் பூ
அன்று என்னோடு ஓசூரைச் சுற்றியது.
மத்திகிரியில் ஒரு பிறந்தநாளுக்கு வெளியே காத்திருந்தது.
சிப்காட்டில் ஓய்வு பெறுகிறவர் ஒருவர்
தன்னுடையதை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்.
சாவு வீட்டில் மாலையை இறக்கும்போது
இதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன், ஏனென்று தெரியாது.
ஆஸ்பத்திரி நர்ஸ்
பூவுக்கு அனுமதியில்லை என்று இரண்டையும் திட்டினார்.

தின்னூர் வேகத்தடையில்
ஒன்றின் கழுத்து முறிந்தது.
சத்தம்கூடக் கேட்கவில்லை.
பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஆறு இருபத்திரண்டு.
வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது,
ஜன்னல் நிறைய பூவில்லாத தலைகள்.
ஒருத்தி "அடியே, மகாராணி!" என்று கத்துகிறாள்.

எண்ண வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.
எண்ணாமல் எப்படி இருப்பாள்,
நாளெல்லாம் எண்ணுகிறவள்.
"பதினொண்ணு."
முறிந்ததை எடுத்துக் காட்டினேன்,
குற்றவாளி சாட்சியையும் கூட்டிவந்ததுபோல.

"போட்டோ எடுக்கணுமில்ல? ஒரு நிமிஷம்."
கையுறை இல்லாத விரல்களால்
நடுவில் இரண்டை ஏற்றினாள்,
ஓரத்தில் ஒன்றைச் சாய்த்தாள்.
இருபதை இருபத்தைந்தாகக் காட்டுகிற கை.
படத்தில் சத்தியமாகப் பன்னிரண்டு.
"அவருக்குப் பன்னெண்டுதான்" என்றாள்.

அட்டையை இருபுறமும் திருப்பினாள்.
"எழுதலையா?"
"எதுவும் சொல்லலைங்க."
"போன்லயும் அப்படித்தான்.
இருக்கியாம்பாரு. இருக்கேன்னுவேன்.
பேலன்ஸ் தீர்ற வரைக்கும் அப்புறம் மூச்சு மட்டும்தான்."
அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வேன் கிளம்பியது.
படியேறும்போதே அவள் ரிப்பனை அவிழ்த்துவிட்டாள்.
உள்ளே கைகள் நீளுவது
பின் கண்ணாடியில் தெரிந்தது.
எத்தனை வீடு சேர்ந்ததோ.

இருபத்திரண்டு நிமிடத் தாமதம்,
நாற்பது ரூபாய் பிடித்தம் என்றது செல்போன்.
சரி.

திரும்பும்போது
தின்னூர் வேகத்தடையில்
வெறும் பெட்டியோடு
மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினேன்.