மகரக்குறுக்கம்

இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸில் பஸ் ஏறித்
தூங்கி, ரெலாவில் விழித்து
ஒன்பதாம் மாடிக்கு நடக்கிறேன். லிப்ட் இன்றும் இல்லை.
தொழிற்சாலையில் என் கண்ணுக்குக் கீழே
கசகசாவைவிடச் சின்ன ரெசிஸ்டர்கள்
பலகைக்கு இருபத்திரண்டு வினாடியென ஓடும்.
வீட்டில் நான் கட்டிய ஆம்ப்ளிஃபயருக்கோ
கட்டைவிரல் பருமனில் ஐந்து வால்வு.
இரண்டு, லோரோங் கூலிட் சந்தையில்
செத்த ரேடியோவோடு சேர்த்து வாங்கியவை.
மீதி தபாலில். ஒன்று உடைந்து வந்து, மறுபடியும் வந்தது.

கித்தார் என்னுடையதில்லை. மூன்றாம் லைன் ஹஃபீஸ்
கல்யாணச் செலவுக்கு முந்நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு
வைத்துவிட்டுப் போனது.
எனக்குத் தெரிந்தது மூன்று கோர்டு, இரண்டில் விரல் தவறும்.
பரவாயில்லை. எனக்கு வேண்டியது பாட்டில்லை,
பாட்டு நின்றபின் வருவது.

அதற்காகத்தான் அந்தத் தகரப்பெட்டி.
உள்ளே மூன்று ஸ்பிரிங். ஒருமுனையில் ஒலியை ஊட்டினால்
மறுமுனைக்குப் போய், முட்டி, திரும்பி, மறுபடியும் போகும்.
அறுநூற்றைம்பது சதுர அடியில் எதிரொலிக்க இடமேது?
மெத்தை, துணிக்கொடி, அரிசி மூட்டை
எல்லாமாய்ச் சத்தத்தை விழுங்கிவிடும்.
அதனால் ஒரு மண்டபத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மண்டபம் வரவில்லை.
குடத்துக்குள் தலையை விட்டு யாரோ அழுதார்கள்.
அடித்தொண்டையில் ஓயாத ஒரு ம்ம்ம்ம்.
மேல்மாடி கக் ரொஸ்னா சம்பல் இடிக்கும்போதெல்லாம்
என் ஸ்பீக்கரில் இடி.
ஹஃபீஸ் கேட்டுவிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால்:
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்.
ஈயம் என் கையில்தான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும்
உள்ளே நானூறு வோல்ட் விழித்திருக்கும்.
ரெசிஸ்டர் ஒன்றை நீட்டி அதைத் தூங்கவைத்துவிட்டு
ஸ்பிரிங்குக்குப் போகும் வழியில் நான் வைத்திருந்த
பெரிய கெப்பாசிட்டரைக் கழற்றினேன்,
ஐந்நூறு பிக்கோவில் ஒரு பொடியனை நிறுத்தினேன்.
தடித்த ஒலிகள் வாசலோடு நின்றன,
மெல்லியவை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயின.
குடம் போயிற்று.
ம்ம்ம்ம் போகவில்லை.

நான்கு காலை அதோடு மல்லுக்கட்டினேன்.
எர்த் கம்பியை மாற்றினேன், வால்வை மாற்றினேன்,
ஹஃபீஸின் ராசியைக்கூடத் திட்டினேன்.
ஐந்தாம் காலை, அலுத்துப்போய்,
ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கையிலேயே
பெட்டியை மட்டும் திருகாணி நீக்கிக் கையில் எடுத்தேன்.
அது கையில் திரும்பத் திரும்பச் சத்தம் மாறிற்று.
கடல் பக்கம் பிடித்தால் ம்ம்ம்ம்.
மலைப் பக்கம் பிடித்தால் ம்.
கேட்கும் முனையைக் கொண்டுபோய்
கரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் மடியில் உட்காரவைத்தவள் நான்.
பக்கத்தில் இருப்பதைத்தானே அது ஒப்பிக்கும்.

அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகக் குறுகும் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தது எதற்கென்று
பதினேழு வருடம் கழித்துத் தெரிந்தது.

பெட்டியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன்.
அடியில், சிப்பு சுற்றிவரும் இளஞ்சிவப்பு ஸ்பாஞ்சு.
கக் ரொஸ்னா இனி எதை வேண்டுமானாலும் இடிக்கலாம்.

விரல் தவறாத ஒரே கோர்டை மீட்டி
உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினேன்.
கித்தார் நின்றது.
ஒலி
அளபெடைபோல நீண்டு
கடைசி வரிசைவரை நடந்துபோய்
அங்கே யாருமில்லையென்று பார்த்துவிட்டுத் திரும்பியது.
இரண்டரை வினாடி இருக்கும். எண்ணவில்லை.
எண்ணுவது இரவு வேலை.

கதவு தட்டும் சத்தம்.
கக் ரொஸ்னா, கையில் சம்பல் கிண்ணம்.
தினமும் நான் இடித்தால் உன் வீட்டிலிருந்து பதில் வருமே,
இன்றைக்கு வரவில்லை,
உடம்பு சரியில்லையா?

ஸ்பாஞ்சில் பாதியை வெட்டலாமா என்று
சோறு தின்னும்போது யோசித்தேன்.
ஹீட்டர் கம்பி இரண்டையும் வேறு
இன்னும் முறுக்கவில்லை.