அரைநாள், தனிவண்டி

கப்பல் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது.
ஒன்றரைக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்.
அவளிடம் பெட்டி இல்லை.
ஒரு தொப்பி, ஒரு தண்ணீர்ப் புட்டி.
பெயர் ஸ்டமாட்டியா.

பின்கதவைத் திறந்து பிடித்தேன்.
சுற்றி வந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.
"பின்னால் உட்காருபவர்களை எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு வருஷம் என் பிடரியைப் பார்த்தபடி வந்தவர்கள்."

கிரேக்கத்தில் ஏதோ ஒரு தீவு.
இரண்டு தரம் பெயர் சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை.
அங்கே அவளுக்கும் இதே பிழைப்பு.
ஏழு பேர் வண்டி, அரைநாள்,
காற்றாலை, மடாலயம், தேன் விற்கும் கடை,
மதியத்துக்குள் திரும்பக் கப்பல்.

எனக்கு அப்போதே வியர்த்துவிட்டது,
சமையற்காரிக்குச் சமைத்துப் போடப் போகிறவனைப் போல.

ஃபேபர் மலையில் நிறுத்தினேன்.
"இந்த நிறுத்தம் காட்சிக்கா, கழிவறைக்கா?"
"இரண்டுக்கும்."
சிரித்தாள். காட்சியைப் பார்க்கவே இல்லை.

தெலுக் ஆயர் தெருவில்
நாகூர் தர்கா வாசலில் நின்று
என் வழக்கமான வரியைச் சொன்னேன்:
கடல் ஒரு காலத்தில் இதுவரைக்கும் இருந்தது.
குந்தி உட்கார்ந்து தார்ச்சாலையைத் தொட்டாள்.
"எங்கள் கடல் ஒரு விரற்கடைகூட
யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.
இதை எதைப் போட்டு மூடினீர்கள்?"
மணல்.
"யாருடைய மணல்?"
பதினான்கு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.
பார்க்கிங் காசு ஓடுகிறது என்றேன்.

பிறகு அவளாகவே சொன்னாள்.
அவள் தீவில் கடலுக்குள் ஒரு பாறை.
கல்லாய்ப் போன கொள்ளையர் கப்பல் என்று சொல்வாளாம்.
"வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம்,
பேச ஒன்றும் இல்லாத ஒரு வளைவில் கட்டிவிட்டது.
இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை வரைகிறார்கள்.
சரி, உன் பொய் எது?"

ஈஆர்பி ஒருதரம் கூவி அடங்கியது.

விரைவுச்சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம்,
நானூற்றுப் பன்னிரண்டாம் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில்.
என் அப்பா நட்டது என்று எல்லாரிடமும் சொல்வேன்.
எல்லாருக்கும் கண் கலங்கும், அமெரிக்கர்களுக்கு அதிகமாக.
அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர்.
ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை.

"காட்டு."
அங்கே நிறுத்த முடியாது. எண்பதில் போனோம்.
"அதோ..."
"எது?"
"போய்விட்டது."
இருக்கையில் முழுக்கத் திரும்பி
போன மரங்களையெல்லாம் பார்த்தாள்.
"நன்றாக வளர்ந்திருக்கிறது," என்றாள்,
"வெல்டர் கை."

காந்த வில்லை விற்கும் கடை.
"இங்கே உனக்கு எவ்வளவு?"
நூற்றுக்குப் பத்து.
"அப்படியானால் இரண்டு வாங்குகிறேன்."

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மட்டும்
அவள் கேட்டுத்தான் நிறுத்தினேன்.
நங்கூரத்தில் கப்பல்கள், எண்ணினால் எண்ணிக்கை தப்பும்.
தே தாரிக் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"என் மகன் பதினோரு தடவை சிங்கப்பூர் வந்திருக்கிறான்.
எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
இறங்க விட்டதில்லை.
ராத்திரியில் விளக்குகளைப் படமெடுத்து அனுப்புவான்,
ஊர் பார்த்தேன் அம்மா என்று."

கைப்பேசியைத் தூக்கினாள்.
என் கட்டடங்களுக்கு முதுகைக் காட்டி
கப்பல்களை எடுத்தாள்.
ஒன்று மங்கல். ஒன்றில் என் தோள்.
மங்கலானதைத்தான் அனுப்பினாள்.

ஒன்று இருபதுக்குத் துறைமுகம்.
டிப்ஸ் கொடுக்கவில்லை.
தொழில்காரர்களுக்குள் அது கிடையாதாம்.
கதவை அவளே சாத்தினாள்,
ஓங்கிச் சாத்தாமல், வண்டிக்காரி சாத்துவது போல.

மூன்று மணிக்குப் பெர்த்திலிருந்து ஒரு குடும்பம்.
பின்னிருக்கை முழுக்க மணல், பொரித் துணுக்கு.
நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.
வாயைத் திறந்தேன்.
சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
வலப்பக்கம் கடல் என்றேன்,
அங்கிருந்து தெரியாத கடலை.