மூன்றரைக் கிலோ

காற்று வாவிப் பக்கம் இழுக்கிற நாளில்தான்
அடுப்பு மூட்டுவேன்.
"ஈயம் மூளையைத் தின்னுமாம்மா,
சயன்ஸ் ரீச்சர் சொன்னவ" என்று
டிலக்சனா வந்து சொன்னதிலிருந்து
கொப்பியோடு அவளைத்
துறையடிக்கு அனுப்பிவிடுவேன்.
என்னிடம் தின்ன என்ன இருக்கிறது,
கணக்குத்தான்.

ஒரு வீச்சு வலைக்கு மூன்றரைக் கிலோ.
ஒரு குண்டு சுண்டுவிரல் நுனி.
அச்சின் நடுவே சைக்கிள் கம்பி நிறுத்தி
ஊற்றவேண்டும்.
ஊற்றி, எண்ணி முப்பது,
கம்பியை உருவினால் துளை.
துளை இல்லாவிட்டால் நூல் ஏறாது.
நூல் ஏறாத குண்டு
நாய்க்கு எறியத்தான் உதவும்.

காத்தான்குடியில் அபூசாலி நானாவின் கடை.
ரயர்க்கடைத் துண்டு, கேபிள் உறை,
எப்போதோ செத்த ரெலிபோனின் ஈயம்.
பற்றரித் தகடு மலிவு, ஆனால்
தொண்டையைப் பிடிக்கும். வேண்டாம் என்றேன்.
இந்த மாதம் விலை ஏறிவிட்டது.
மண்டூர் மார்க்கண்டுவுக்கு
வெள்ளிக்கிழமை வலை முடியவேண்டும்,
தராசில் ஒரு கைப்பிடி குறைகிறது.

ஒரு கைப்பிடி
வீட்டில் இருந்தது.

போன வருடம் குசினிச் சுவரைப்
பூச்சுக்குக் கொத்தும்போது
மேசன் நேசராசா ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தது.
ஏழு சன்னம்.
"வைச்சிருங்கக்கா" என்றான்,
எதற்கென்று சொல்லவில்லை.
பால்மா ரின்னுக்குள்
பொத்தான், ஊக்கு, உடைந்த சாவியோடு
கிடந்தன.
சுவருக்கு அந்தப் பக்கம்
அன்று யார் நின்றது,
யார் குனிந்தது,
எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

போட்டேன்.

சன்னம் உடனே உருகாது.
கறுத்துக் கிடக்கும் கொஞ்ச நேரம்,
வீம்பு பிடித்த பிள்ளை மாதிரி.
மறுகா அடியால் கசியும்.
உள்ளிருந்த ஈயம்
மற்ற ஈயத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்,
எது ரயர், எது ரெலிபோன், எது சுவர்
என்று பிரிக்க ஆளில்லை.
மேலே மிதந்தது செம்புக் கோது மட்டும்.
ஏழு கோது.
உள்ளே ஒன்றுமில்லை.
அகப்பையால் வழித்து
மணலில் போட்டேன், சீறின.

அன்றைக்குப் பார்த்து மழைத்தூறல்.
அச்சு ஈரம்.
இரண்டாம் ஊற்றில் வெடித்துத் தெறித்து
முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு.
கத்தவில்லை.
துறையடியிலிருந்து மகள்
"என்னம்மா?" என்றாள்.
"ஒண்டுமில்ல, படி."

ஒரு கிழமை கழித்து
மார்க்கண்டு பாதையில் ஏறி வந்தார்,
வலையும் தோளுமாக.
"இஞ்ச பாருங்க பரிமளம், இந்தக் கரை
சரியா விரியுதில்ல.
எல்லாம் பூப்போல விழுகுது,
இதில மட்டும் கிளம்புது.
கொடுவா ஒண்டு இந்த வழியாத்தான்
போயிற்றுகா, பாத்துக்கொண்டே நிண்டன்."
கரையைப் பிடித்து
ஒவ்வொரு குண்டாய் உருட்டினேன்.
மூன்று, எடை இல்லாதவை.
கத்தியால் பிளந்தால்
உள்ளே காற்று,
பல் விழுந்த முரசு மாதிரி ஓட்டை.
ஈர அச்சின் வேலை.
வேறு ஒன்றுமில்லை, ஈர அச்சுத்தான்.
அப்படித்தான் அவருக்கும் சொன்னேன்.

மூன்றையும் திரும்ப உருக்கி
வெயிலில் காய்ந்த அச்சில் ஊற்றிக் கொடுத்தேன்.
காசு மிச்சம் தை பிறந்த பிறகு தருவாராம்.

செம்பு ஈயத்தைவிட விலை.
ஏழு கோதையும் பேப்பரில் சுற்றி
அபூசாலி நானாவிடம் கொண்டுபோனேன்.
பிரித்தார். பார்த்தார்.
எங்கே எடுத்தது என்று கேட்டார்.
"குசினிச் சுவரில."
யார் சுட்டது என்று அவர் கேட்கவில்லை,
நானும் அவரிடம்
அவருடைய சுவர்களைப் பற்றிக் கேட்டதில்லை
இத்தனை வருடத்தில்.

தராசில் வைத்தார்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
முள் அசையவில்லை.
விரலால் தட்டினார் தட்டை,
ஒரு தரம், இன்னொரு தரம்.