தாமதக் கட்டணம்

செல்லூர்க் கிளை நூலகத்தில்
'அமைதி காக்கவும்' பலகைக்குப் பின்சுவரில்
விசைத்தறி ஓடுகிறது.
ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறந்தால்
பந்தல்குடிக் கால்வாயின் வாடை
எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

நாள் கூலி.
தூசி தட்டுவது, நாளிதழ்களுக்குக் கம்பி கோப்பது,
குரூப் ஃபோர் படிக்கிறவர்கள் கிழித்துப்போன
பக்கங்களின் எண்களை நோட்டில் குறிப்பது.

பெரியம்மா மகன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் கேட்டான்,
ரொறன்ரோவிலிருந்து.
(இங்கே அதை டொரண்டோ என்று எழுதவேண்டும்,
அட்லஸில் பார்த்துவைத்திருக்கிறேன்.)
வெளிநாட்டுக்கு வர விருப்பமில்லையோ?
வெளிநாட்டு லைப்ரரியிலதான்
வேலை செய்யிறன் எண்டு அனுப்பினேன்.
சிரிப்பு முகம் மூன்று வந்தது.
பிறந்தது ராஜாஜி ஆஸ்பத்திரியில்.
பதிவேட்டில் இருப்பது
நான் பார்க்காத ஒரு மன்னார்.

கணக்கெடுப்பு நாளில்
ஆனையூர் முகாமில் வரிசை நின்று
கையெழுத்துப் போட்டு வந்துசேரப் பத்தரை ஆகும்.
சோலைமலை சார் கடிகாரம் பக்கம் திரும்பமாட்டார்.
உறுப்பினர் படிவத்தில்
'முகவரிச் சான்று' என்ற இடத்தில்
என் பேனா நின்றதை ஒருமுறை கவனித்தவர்
"எழுதாம எடுத்துட்டுப் போ தாயி" என்றார்.
நாலு வருடம் அப்படித்தான்
எழுதாமல் எடுத்துப் போனேன்,
எழுதுவதற்கு.

வீட்டில் நாங்கள் கதைப்போம்.
பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்,
அதனால் மெதுவாகக் கதைப்போம்.
பஸ் ஏறியதும் பேசுவேன்.
கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்பதற்குள்
நாக்கு மாறியிருக்க வேண்டும்.

வாசலில் நானே பசை தடவி ஒட்டினேன்
சிறுகதைப் போட்டி அறிவிப்பு.
விதி மூன்று: குடியுரிமைச் சான்றின் நகல்.
பசை காய்வதற்குள் படித்துவிட்டேன்.

அந்த வைகாசியில் இருப்புச் சரிபார்ப்பு.
பதிவேட்டில் இருந்து அடுக்கில் இல்லாதவை
முப்பத்தொன்பது.
அடுக்கில் இருந்து பதிவேட்டில் இல்லாதது
அப்போது எதுவும் இல்லை.
ஆறு கதை, அறுபத்துநாலு பக்கம்.
கறுப்பு நூலால் தைத்தேன்,
காலண்டர் அட்டையை ஒட்டினேன்.
முதுகில் போட்ட எண்
காணாமல்போன ஒரு சமையல் புத்தகத்துடையது.
பெயர்: டிலக்சனா.
இரண்டு தடித்த நாவல்களுக்கு நடுவே
விரலால் இடம் செய்து செருகினேன்.

ஆடி போனது, ஆவணியில்
உறுப்பினர் எண் 412, முத்திருளாண்டி,
பின்சுவர்த் தறிக்காரர்,
துப்பறியும் கதை தவிர எதுவும் தொடாதவர்,
அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
ஒல்லியாக இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிரும் என்றார்.
முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன்.

திருப்பித் தந்தபோது கெடு தாண்டி நாலு நாள்.
நாலு ரூபாய்.
சில்லறையை வைத்துவிட்டு
"புதுசா மர்மக் கதை எதும் வந்துச்சா?" என்றார்.
இல்லை என்றேன். போய்விட்டார்.

திறந்தால் பென்சில்.
'கதைத்தாள்' அடித்து மேலே 'பேசினாள்'.
'கெதியா' அடித்து 'சீக்கிரமா'.
'பேந்து' மேல் வெறும் கேள்விக்குறி.
அழுத்தி எழுதியிருந்தார்,
அறுந்த இழை கண்டால் தானாகப் போகும்
கை அது, என்ன செய்வார்.

ரப்பரை எடுத்தேன்.
ஏழாம் பக்கம். எட்டு. பதினொன்றில் நாலு இடம்.
பதினேழில் ஒன்றே ஒன்று.
இருபத்துமூன்றில்
தங்கராசா கடலில் இறங்குகிற இடம்,
ரப்பரைக் காகிதத்தின் மேல் பிடித்தபடி தேடினேன்.
அங்கே மூன்று 'கதைத்தாள்',
இரண்டு 'கெதியா',
ஒன்றின் மேலும் கீறல் இல்லை.
அறுபத்துநாலு வரை புரட்டினேன்.
இல்லை.

ரசீது போட மறந்திருந்தேன்.
வாசலுக்கு ஓடினேன், ஆள் இல்லை.
நின்றிருந்த தறி
பின்சுவரில் மறுபடி ஓடத் தொடங்கியது.