பைஸ் நிரல்

கஸ்பார் மொறாயஸைக் கந்தோரில் எடுத்தது
தட்டெழுத்தாளன் என்று.
கப்பல் கம்பனியின் சம்பளப் பட்டியலில்
இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கும்.
நேர்முகத்தில் துரை இயந்திரத்தைக் காட்டவில்லை.
மேசையிலிருந்த தோடம்பழத்தை எறிந்தார்.
பிடித்தான், இடக்கையால்.
மாதம் அறுபது ரூபா.

பத்துப் பருவம்
சனிக்கிழமைகளில் குச்சிகளுக்குப் பின்னே குந்தியிருந்தான்.
நான் வாகை மரத்தடியில், புள்ளிப் புத்தகத்தோடு.

கையுறை கடதாசி மாதிரி.
உள்ளே வைக்க, கொட்டாஞ்சேனைச் சந்தியில்
விடியவே இரண்டு துண்டு இறைச்சி வாங்குவான்.
தபசுகாலத்திலுமா என்றேன்.
"தின்னாட்டிப் பாவமில்லை."
ஆட்டம் முடிந்தால் ட்ராம் தரிப்பு வரைக்கும்
காகங்கள் பின்னால் வரும்,
அவனுக்கு மட்டும்.

முதலில் மோதிரவிரல், பொலிஸ் அணியோடு.
பிறகு கட்டைவிரல்.
பிறகு நான் எண்ணவில்லை, அவனும்.
கல்யாணத்தன்று மோதிரம் கணுவில் சிக்கியது.
சுவாமியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காத்து நிற்க
பிலோமினா மெல்லக் கேட்டாள்:
சவர்க்காரம் இருக்கா?

என் புத்தகத்தில் அவனுக்கு ஒரே நிரல்.
பைஸ்.
அவன் விட்டவை.
பிடித்து நிறுத்திய பந்துக்கும் ஒரு புள்ளி வைப்பேன்,
ஆனால் அது பந்து வீசியவன் கணக்கு.

கடைசி ஆட்டத்தில் நான்கு.
பந்து மட்டைக்காரனின் காலில் பட்டு விலகியதை
மரத்தடியிலிருந்து நான் பார்த்தேன்.
நடுவர் பார்க்கவில்லை.
முழங்காலைத் தொடாமல் கையை மட்டும் உயர்த்தினார்.
புத்தகம் நடுவர் சொன்னதைத்தான் கேட்கும்.
நான்கு என்று எழுதினேன்,
பைஸ் நிரலில்.

அடுத்த மாதம் புதுத் துரை.
கிரிக்கெட் தெரியாது.
ஒரு கடிதம் அடி என்றார்.
'அன்புள்ள ஐயா' முடியவே பதினொரு மணி.
வளைந்த விரல் ஒவ்வொன்றும்
இரண்டு எழுத்தைச் சேர்த்து அழுத்தியது.
கந்தோர் முழுக்கத் தலை குனிந்து
எதையோ தேடியது.

அவனை நிறுத்தும் கடிதத்தை அடித்தது நான்.
பிழையே இல்லை, இரண்டு முறை பார்த்தேன்.

படிக்கட்டில் வைத்துக் கையை நீட்டினான்.
அந்தக் கையை
எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.