எட்டு மணிக்கு நூலகம் மூடும்

உலான்பாத்தரில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
செரென்லாம் ஒரு கையுறையை மட்டும் கழற்றி
‘புகை’ என்று தட்டினாள்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கட்டுரைகள்.

‘குழந்தை’ சேர்த்தோம். ‘நுரையீரல்’ சேர்த்தோம்.
இன்னும் ஒன்பதாயிரம் பாக்கி.

பத்தொன்பது வருடம் குழந்தைகள் வார்டில்
ஊசி போட்டவள். இப்போது முதுகலை.
‘புகை குழந்தைகளைப் பாதிக்குமா?’
நோட்டில் எழுதியிருந்ததை அவளே அடித்தாள்:
இதுக்குப் படிப்பு எதுக்கு, இருமலே சொல்லும்.

சொல்லின் வாலை வெட்டி
அங்கே ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன்.
கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டேன் போல;
அடுப்பைக் கூப்பிட்டால்
அடுத்த வீடு, அடுக்குமாடி, அடுக்களைப் பூனை
எல்லாம் வந்து நின்றன.

‘அல்லது’ போட்டால் பெருகும் என்றேன்.
சிரித்தாள்.
எங்கள் வீட்டில் அல்லது போட்டால் குறையும்:
கரி அல்லது பால்.

ஏழரைக்குத் திரையில் பூஜ்ஜியம்.
‘யாருமே கேட்காத கேள்வி!’ என்று துள்ளினோம்.
பிறகு பார்த்தால் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தியதும் முப்பத்தெட்டு.

ஒவ்வொன்றாகச் சுருக்கம் படித்தாள், உதடு அசைய.
புகைபோக்கியின் உயரம். கரியின் தரம்.
ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம்.
இரவில் அடுப்பில் கரி இடப்பட்டது.
காலையில் காற்று அளக்கப்பட்டது.
பட்டது, பட்டது என்கிறார்களே,
பட்டது யார்?

நோட்டில் பக்கம் திருப்பினாள்.
‘கெர் கூடாரங்களில்
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து
கரி போடுவது யார்?
அதற்குப் பிறகு அவர் தூங்குகிறாரா?’

தூக்கம் அல்லது விழிப்பு,
அடுப்பு அல்லது கணப்பு,
மனைவி அல்லது மருமகள் அல்லது மூத்த மகள்.
அடைப்புக்குறிகளை இரண்டு தடவை எண்ணினேன்.

இரண்டே கட்டுரைகள்.
ஒன்று வேறெங்கோ ஒரு மலைநாட்டில், மாட்டுக்கொட்டில் பற்றியது.
இன்னொன்று பணம் கட்டினால்தான் திறக்கும்;
பிற நூலகத்திலிருந்து வரவழைக்க விண்ணப்பம் போட்டேன்.

தேதி, தளத்தின் பெயர், தேடிய சொற்கள், எண்ணிக்கை
எல்லாம் குறித்துக்கொண்டாள்,
நாளை இதே வழியில் திரும்பிவர.

வாசல் விளக்கை அணைக்கப் போனபோது,
தொப்பியின் காதுகளைக் கட்டியபடி கேட்டாள்:
மாதிரியில் என்னையும் சேர்க்கலாமா?

உங்கள் நெறியாளரைக் கேளுங்கள் என்றேன்.
பஸ் வந்துவிட்டது.