அசையும் சொத்து

கபூராவில் புயல் கரையேறிய நான்காம் நாள்
என் கையில் ஒரு டேப், ஒரு கிளிப்போர்டு,
எழுபத்தொரு படிவம்.
சேதத்துக்கு மதிப்பெண்: பூஜ்யத்திலிருந்து ஐந்து.

காற்று மணிக்கு அறுபதில் வந்தால்
டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிப் போடும்,
தண்ணீர்த் தொட்டி மூடியைக் கொண்டுபோகும்.
நூற்றிருபதில் வந்தால்
இரண்டு மடங்குதானே என்பீர்கள்.
இல்லை. தள்ளுவது நாலு மடங்கு.
உடைவதற்கு அந்தக் கணக்கும் கிடையாது.
கடைசி ஆணி பிடித்திருக்கும்வரை ஒன்றுமில்லை,
விட்டதும் எல்லாமே.

கூரையை அது அமுக்குவதில்லை.
உலைமூடியைப்போலத் தூக்கும்.
ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் போதும்,
வீடே காற்றின் கட்சியில் சேர்ந்துகொள்ளும்.

ஹமூத் அல் மக்பாலியின் வீடு.
கான்கிரீட் தளம், எட்டங்குலச் சுவர்,
மஜ்லிஸில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு.
கார் நிறுத்தும் தகரப்பந்தல் மட்டும்
அடுத்த தோட்டத்துப் பேரீச்சையில்
பிழிந்த துண்டாய்ச் சுற்றிக் கிடந்தது.
இரண்டு என்று எழுதினேன்.
அவர் காவா ஊற்றித் தந்தார்,
பழம் நனைந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

வாதிக்கு அந்தப் பக்கம் கம்பெனி கேம்ப்.
கேபின்கள் நின்ற இடத்தில்
ஒன்பது நீள்சதுரம் வெளுத்த மண்.
ஓரத்தில் ஒற்றைச் செருப்பு, ஒரு குக்கர்.

சேசடிமை, ஷட்டரிங் கார்பென்டர், மணப்பாட்டுக்காரர்,
தன்னுடையதைக் காட்டக் கூட்டிப்போனார்.
டேப் எட்டவில்லை; இரண்டு தடவை பிடித்தோம்.
நாற்பத்தாறு மீட்டர்.
கேபின் தலைகீழாகக் கிடந்தது.
கூரைமேல் நாங்கள் நிற்க
தலைக்கு மேலே
போல்ட் கழலாமல் தொங்கிக்கொண்டிருந்தது அவர் கட்டில்.

'கொண்டலுமில்ல, கச்சானுமில்ல சார்.
எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல வந்துச்சு.
நல்லவேளை, பள்ளிவாசல்ல கதவத் திறந்து விட்டாங்க.'

கேபினின் அடியைப் பார்த்தேன்.
கொக்கி நாலுக்குத் துளை இருந்தது.
துரு ஏறிய அடையாளம் ஒன்றில்தான்.
மற்ற மூன்றிலும் பெயிண்ட் புதுசாய் இருந்தது,
எதுவுமே நுழைந்திராத மாதிரி.

'நமக்கு எத்தன போட்டீங்க?'

படிவத்தைப் புரட்டினேன்.
வில்லா. அடுக்குமாடி. பண்ணைவீடு. கடை.
கேபின் இல்லை.
இருந்தது, கடைசித் தாளில்,
ஜெனரேட்டருக்கும் சிமென்ட் மிக்சருக்கும் நடுவில்,
'அசையும் சொத்து' என்ற தலைப்பின் கீழே.
அதற்கு மதிப்பெண் கட்டமே கிடையாது.
எண்ணிக்கை மட்டும்.

வாசித்துக் காட்டினேன். ஏன் காட்டினேனோ.

'அசஞ்சுதான போச்சு' என்றார்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
அப்புறம் அண்ணாந்து பார்த்து,
'வண்டில பத்தொம்பதாம் நம்பர் ஸ்பேனர் இருக்குமா சார்?
கட்டிலக் கழட்டணும்.'